மலைமேல் வைத்த புள்ளி

இணையதளம் அமைத்துத் தரும் எங்கள் தொழிலில், மனிதர் படிக்கும் எழுத்தைக் காட்டிலும் மனிதர் ஒருபோதும் படிக்காத எழுத்துக்கே நேரம் அதிகம் செலவாகிறது. இதே நுகத்தடியில் பூட்டப்பட்டிருக்கும் நண்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு விடுதியின் பக்கத்தைத் திறந்தால் நீங்கள் படங்களையும் வாசகங்களையும் காண்கிறீர்கள். அதன் பின்புறத்தில், தேடுபொறி படிப்பதற்கென்றே, இது பெயர், இது முகவரி, இது வாடகை, அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களில் உலக உருண்டையில் இந்த வாசல் இருக்கும் புள்ளி இது என்று பிரித்துப் பிரித்து எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. தொழிலில் இதை ஸ்கீமா என்பார்கள். கட்டிய மூட்டையை அவிழ்க்காமலே உள்ளிருப்பதை அறிந்துகொள்ள மேலே சீட்டு ஒட்டுகிறோம் அல்லவா, அதுபோல என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லி, எங்கள் அலுவலகத்தில் அதன் பெயரே மூட்டைச் சீட்டு என்றாகிவிட்டது.

அப்படி ஒரு சீட்டில் இரண்டே இரண்டு எண்களை நான் மாற்றி எழுதினேன். அதனால் விளைந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களில் ஒருவராவது விசைப்பலகையிலிருந்து ஒரு கணம் கையை எடுத்தால் போதும்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு விடுதி

ரேவதி என்னிடம் வந்தது ஆனி மாதத்தின் தொடக்கத்தில். எங்கள் திருத்தணியில், அரக்கோணம் சாலையில் ‘மயில் நிழல்’ என்ற பதினான்கு அறை விடுதியை நான்கு ஆண்டுகளாகக் குத்தகைக்கு நடத்துபவர். படுக்கை விரிப்பைத் துவைப்பது முதல் தண்ணீர் லாரிக்குச் சொல்வது வரை அவரே. கட்டடம் திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி ஒருவருடையது. வயது எழுபதைத் தாண்டியவர். ஊரே அவரை நைனா என்று அழைக்கும். சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் அந்தக் கட்டடத்தைக் கேட்டு வந்திருந்தது. வந்தவர்கள் தங்கள் பிற விடுதிகளைத் தேடுபொறியின் முதல் பக்கத்தில் எடுத்துக் காட்ட, நைனாவின் மனம் சாய்ந்துவிட்டது. ரேவதிக்கு அவர் ஒரு கெடு வைத்தார். ஆடிக் கிருத்திகை அன்று காலை தம் கைபேசியில் ‘திருத்தணி கோயில் அருகில் லாட்ஜ்’ என்று தேடுவார். முதல் பக்கத்தில் மயில் நிழல் வந்தால் ரேவதி தொடரலாம், வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அன்றைய தேதியில் அது மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடந்தது.

சீட்டு எழுதினால் முதலிடம் நிச்சயம் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதை நான் ரேவதிக்கும் சொன்னேன். “இயந்திரத்துக்கு நம்மைப் புரியவைக்கலாம். அது நம்மை விரும்ப வேண்டும் என்று கட்டளையிட முடியாது. அறை, வாடகை, வெந்நீர், கீழ்த்தள அறையில் கைப்பிடி, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவோம். பக்கத்தில் இல்லாத ஒன்று சீட்டில் இருக்கக் கூடாது.” ரேவதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அண்ணா, எழுதறது யாரு கண்ணுக்கும் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. தெரியாத எடத்துல எதுக்கு இம்மாம் யோசன? நல்லதா நாலு சேத்து எழுதுங்களேன்!”

நட்சத்திரம் கேட்டவர்

இரண்டாம் வாரம் நைனாவே அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, பையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள். கைபேசியை என் மேசைமேல் வைத்து, வேறொரு விடுதியின் பெயருக்குக் கீழே மின்னிய மஞ்சள் நட்சத்திரங்களைக் காட்டினார். “இத மாரி அஞ்சு வச்சிரு” என்றார். நான் மறுத்தேன். தங்கியவர்கள் கொடுக்க வேண்டியதை நாமே எழுதிக்கொள்வது பொய் என்றேன். தேடுபொறி கண்டுபிடித்தால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து மறைத்துவிடும் என்றேன். தன் கழுத்துக்குத் தானே மாலை போட்டுக்கொண்டவன் ஊர்வலத்தில் தனியாகத்தான் நடப்பான் என்றும் சொன்னேன். என்னோடு பணிபுரியும் சாதிக் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவன் முப்பத்தைந்து வயதுக்காரன். அரக்கோணத்தில் அவன் அப்பாவுக்கு வண்டிப் பட்டறை. “நைனா, அண்ணாகிட்ட நட்சத்திரம் கேட்டா நாலு கத கெடைக்கும். அத வாங்கிகினு போங்க” என்றான்.

நைனா கோபிக்கவில்லை. அங்குதான் நான் வீழ்ந்தேன். “சரி, நட்சத்திரம் வேணா. ரேவதிகிட்ட புள்ளின்னு ஒண்ணு சொன்னியாமே, அத எங்க வச்ச?” விடுதி வாசலில் என்றேன். “அரக்கோணம் ரோட்டுலயா? வர்றவன் எல்லாம் மலைக்கு வர்றான். கோயிலாண்ட தேடுறவனுக்கு ரோட்டுல வச்சா எப்பிடித் தெரியும்? மலைமேல வையி, கோயிலாண்ட.” எங்கள் ஊர் வழக்கத்தை அறியாதவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை வரையில், பஞ்சர் கடைக்காரர்கூட முகவரி அட்டையில் ‘முருகன் கோயில் அருகில்’ என்றுதான் அச்சடிப்பார். எவரும் அதனால் வழி தவறியதில்லை. பேருந்தை விட்டு இறங்கியவர் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பார், கடைக்காரர் கையை நீட்டுவார், முடிந்தது. கேட்டு நடக்கும் மனிதனுக்கு ஏற்பட்ட வழக்கத்தை, கேட்காமல் நடத்திச் செல்லும் இயந்திரத்தின் கையில் கொடுக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், நட்சத்திரத்தை மறுத்துவிட்ட நிறைவில், இதையும் மறுத்தால் பெரியவர் மனம் நோகும் என்று எண்ணினேன். அவர் கண்ணெதிரிலேயே இரண்டு எண்களை மாற்றினேன். “இது சரியில்லை நைனா” என்று முணுமுணுக்க மட்டும் செய்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கோயில் பேரச் சொல்லி அட்ரஸ் குடுக்கறது பொய்யாப்பா? இந்த ஊர்ல அதுக்குப் பேரு மரியாத.”

பச்சை விளக்கு

சீட்டை எழுதி முடித்ததும் அதைச் சோதனைக் கருவியில் இட்டுப் பார்ப்பது வழக்கம். பிழை இருந்தால் சிவப்பு, குறை இருந்தால் மஞ்சள், ஒழுங்காக இருந்தால் பச்சை. மயில் நிழலுக்கு மேலிருந்து கீழ்வரை பச்சை. என் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வீட்டுக்காரன் வாசலில் ‘நாய் இல்லை, தாராளமாக வரலாம்’ என்று அழகான எழுத்தில் எழுதி வைத்தானாம். எழுத்துப் பிழை பார்க்க வந்த புலவர், ஒற்று விடுபடவில்லை, புள்ளி தவறவில்லை என்று பாராட்டிக்கொண்டே உள்ளே போனாராம்; கெண்டைக்காலில் தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்தாராம். நம் சோதனைக் கருவியும் அந்தப் புலவரைப் போன்றதே. எழுதிய முறை சரியா என்று பார்க்கும். எழுதியது மெய்யா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

ஆடி பிறந்தபோது மயில் நிழல் இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. அடுத்த வாரம் முதல் பக்கத்தின் கடைசி வரி. சீட்டு ஒன்றினால் மட்டும் அது நடந்ததா, புதிய படங்களும் சேர்ந்தா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வாடகையும் கீழ்த்தள அறையும் தேடலிலேயே தெரிந்ததால் புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் ரேவதிக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ரேவதி அரைத் தெலுங்கில் அறை கொடுத்துக்கொண்டிருந்தார். நைனா நாள்தோறும் தேடிப் பார்த்து அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். சாதிக் மட்டும் ஒரு மாலை கைபேசியை என் முன் நீட்டினான். எங்கள் பக்கத்திலுள்ள ‘வழி காட்டு’ பொத்தானும் அதே இரண்டு எண்களைத்தான் எடுத்துக்கொள்ளும். அழுத்தினால் நீலக் கோடு அரக்கோணம் சாலையைத் தொடாமல் நேராக மலைப் படிகளில் ஏறியது. “கிருத்திகை முடியட்டும், மாற்றிவிடலாம்” என்றேன். “கருவியில் எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது?” என்றும் சொன்னேன். சாதிக் பட்டறைக்காரர் மகன். “பச்ச லைட்டு எரிஞ்சா வண்டி கெளம்பலாம்னு தான்ணா அர்த்தம். எங்க போவுதுன்னு லைட்டுக்கு இன்னா தெரியும்?”

சுவரோரம்

கிருத்திகைக்கு முந்தைய நாள், பரணி. ஊர் முழுதும் மஞ்சள் ஆடை, சந்தனம் பூசிய மொட்டைத் தலை, பூக்காவடி, அரோகரா. மலைச் சாலையில் வெளி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மாலை நான்கு மணிக்கு ரேவதி அழைத்தார். நகரியிலிருந்து வெங்கடேசுலு என்பவர் மனைவியோடு வருவதாகக் கீழ்த்தள அறை சொல்லியிருந்தார்; இரண்டு மாதங்களுக்கு முன் முழங்காலில் அறுவை செய்துகொண்டவர். அவருடைய மனைவி பேசினாராம். “மேலே வந்துவிட்டோம், லாட்ஜ் எங்கே” என்றாராம், பேச்சு அறுந்துவிட்டதாம், திரும்ப அழைத்தால் கிடைக்கவில்லையாம். “மேலன்னா எந்த மேலண்ணா? நம்மளாண்ட ஏது மேல?” என்று ரேவதி கேட்டபோது, எந்த மேல் என்று எனக்குத் தெரியும்.

நானும் சாதிக்கும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியேறினோம். முந்நூற்று அறுபத்தைந்து படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அன்று ஒவ்வொரு படியிலும் ஒரு காவடி நின்றது. இடிக்கவும் கூடாது, நிற்கவும் கூடாது. மயங்கி விழுந்திருப்பாரோ, அறுவைத் தையல் பிரிந்திருக்குமோ என்று மனம் ஓட, கால் ஓட வழியில்லை. மேலே போய், கைபேசியை வைத்துக்கொண்டு நான் தட்டிய அந்த இரண்டு எண்களைத் தேடிச் சென்றேன். அந்த இடத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவரில் சாய்ந்தபடி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் பூசணிக்காய் போல் வீங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு பைகளோடு அவர் மனைவி.

வழியில் கேட்டுப் பார்க்கவில்லையா என்று சாதிக் மெதுவாகக் கேட்டான். கேட்டார்களாம். அன்று அகப்பட்ட பத்துப் பேரும் வெளியூர்க் காவடிக்காரர்கள். ‘போன்ல மேலதான் காட்டுது’ என்று பத்துப் பேரும் அதையே சொன்னார்களாம். அறைக்குப் போனால்தான் இளைப்பாற முடியும், சொல்லி வைத்த காவடியும் அந்த அறைக்கே வந்து சேரும் என்று ஏறிவிட்டார்கள். முதலுதவி முகாமிலிருந்து ஒருவரைச் சாதிக் அழைத்து வந்தான். காலில் கட்டுப் போட்டு, முகாம் வண்டியிலேயே கீழே இறக்கிவிட அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நான் கைகூப்பிக்கொண்டு, தவறு என்னுடையது என்றேன். வெங்கடேசுலு என்னைத் திட்டவில்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இப்போதிக்கு ஒரே ஒரு வாட்டி ஏறலாம்னு டாக்டரு சொன்னாரு சார். நாளிக்குப் பொய்கையில குளிச்சிட்டு, காவடி எடுத்துகினு ஏறலாம்னு வந்தேன். அந்த ஒரு வாட்டிய உங்க போனு வாங்கிகிச்சி.”

சாவியா, புள்ளியா

மயில் நிழலின் கீழ்த்தள அறையில் அவரைப் படுக்க வைத்துவிட்டு, நானும் ரேவதியும் வரவேற்பு மேசையருகில் நின்றோம். அவர் ஐஸ்கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னேன். புள்ளியை இப்போதே வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தால் ‘கோயில் அருகில்’ என்று தேடுவோருக்கு நாம் பின்னுக்குப் போகலாம். எவ்வளவு தூரம், எவ்வளவு விரைவில் என்று என்னால் கணிக்க முடியாது. விடிந்தால் நைனாவின் கைபேசி. ஒரே ஒரு நாள் தள்ளிப்போட்டால் சாவி ரேவதியிடமே இருக்கும். இதையும் நானே சொன்னேன், நண்பர்களே. மற்றவரிடம் முடிவை ஒப்படைத்தால் பழி பாதியாகும் என்று நினைக்கும் கோழைத்தனம் நம் தொழிலில் மிகுதி. அதை விட்டொழியுங்கள்.

ரேவதி அறைப் பதிவேட்டைத் திறந்தார். அன்று இரவுக்குள் வந்து சேர வேண்டியவர்கள் இன்னும் ஐந்து குடும்பத்தார். சாதிக்கும் அவருமாக ஒவ்வொருவரையும் அழைத்து, பொத்தானை அழுத்தாதீர்கள், ரயில் நிலையத்திலிருந்து அரக்கோணம் சாலையில் வாருங்கள், மலையடிவாரம் இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் என்று சொன்னார்கள். தூரத்தைக் கேட்டு ஒரு குடும்பம் வேண்டாம் என்றது. ரேவதி கைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாத்துங்கண்ணா. மொத பக்கத்துல பேர வச்சிகினு, நாளிக்கு இன்னோர்த்தரு அந்தச் செவுத்தாண்ட குந்திகினு இருந்தா நான் எந்த மூஞ்சோட சாவிய இடுப்புல சொருவிப்பேன்?”

கிருத்திகைக் காலை

காலை ஏழு மணிக்கு நைனா வந்தார். வாசலில் நின்றபடியே முதல் கண்ணாடியைக் கழற்றி இரண்டாவதைப் போட்டுக்கொண்டு தேடினார். முதல் பக்கத்தில் இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தில் நடுவில் இருந்தது. நான் புள்ளியை மாற்றியதால்தான் சரிந்ததா, விழா நாளின் நெரிசலில் சரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காரணம் தெரியாத தண்டனையையும் அதற்கு உரியவன் ஏற்கத்தான் வேண்டும். ரேவதி சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். “இன்னாம்மா இது, நேத்து வரைக்கும் இருந்திச்சே” என்றார் நைனா. நேற்று நடந்ததை நான் சொன்னேன். எண்களைத் தட்டிய விரல் என்னுடையது என்பதை முதலில் சொன்னேன், மாற்றச் சொன்னவர் யார் என்பதை அவருக்கே விட்டுவிட்டேன்.

கீழ்த்தள அறைக் கதவு திறந்தே இருந்தது. வெங்கடேசுலு கட்டிலில் காலை நீட்டியிருந்தார். அவர் மனைவி ஈரச் சேலையோடு, பொய்கையில் குளித்துவிட்டு வந்து, காவடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பதில் தாம் ஏறப் போவதாகச் சொன்னார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த வெங்கடேசுலு உள்ளிருந்து குரல் கொடுத்தார். “நைனா, உங்க லாட்ஜு எந்தப் பக்கத்துல கீதோ எனக்குத் தெரியாது. எந்த ரோட்டுல கீதுன்னு இப்ப நல்லாத் தெரியும். இந்த ரேவதிம்மா ராத்திரி மூணு வாட்டி வந்து ஐஸ் மாத்திச்சி. இன்னிக்கி இவ ஏறட்டும். கால் ஆறட்டும், என் காவடி தைக் கிருத்திகைக்கி. இதே ரூம எழுதி வச்சிருங்க.”

நைனா கதவருகில் வந்து அந்த வீங்கிய முழங்காலைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கட்டிலருகில் குனிந்து, தெலுங்கில் ஏதோ சொன்னார். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும், வெங்கடேசுலு சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தவர் மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை ரேவதியின் பக்கமாகத் தள்ளினார். “மெட்ராஸ்காரங்க தை வரைக்கும் நிக்கட்டும். அந்த ஆளு ஏறி எறங்கட்டும் ரேவதி, அப்பறம் பாக்கலாம் எந்தப் பக்கம்னு.”

இப்போதெல்லாம் கருவி பச்சை காட்டிய பிறகும் சாதிக் வண்டியில் போய், சீட்டில் எழுதிய புள்ளியில் நின்று, “வாசல் கீதுண்ணா” என்று சொன்னால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இயந்திரம் படிப்பதற்காக இரண்டு எண்களைத் தட்டிவிட்டு, அவற்றின் பொருளை அறிய முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறும் தொழில் உலகில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும்.